கறிவேப்பிலைக்கு வேம்பு என்ன உறவு?

(பண்ணை வானொலி உரை)



காரமடைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். மூன்று ஏக்கர் எலுமிச்சை, வேலியோரம் நெடுகக் கறிவேப்பிலை. தோட்டத்துக்குச் சொந்தக்கார அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு நாள் காலை என்னைக் கறிவேப்பிலைச் செடி அருகே கூட்டிக்கொண்டு போய் ஒரு கிளையை வளைத்துக் காட்டினார். காக்கை எச்சம் விழுந்தாற்போல் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சின்னப் புழு. பக்கத்துக் கிளையில் அதற்கு மூத்தது, பச்சை நிறத்தில், கொழுகொழுவென்று. குச்சியால் தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை மாதிரி ஒரு கொம்பை நீட்டி, கூடவே ஒரு நாற்றத்தையும் விட்டது.

"ஏங்க தம்பி, எலுமிச்சங்கன்னுல இருக்குற அதே புழுதானுங்க இது. வேப்பிலைக்குப் பூச்சி அண்டாதுன்னு நீங்கதான சொன்னீங்க? இதும் வேப்பிலை வகைதானுங்களே, இதுல எப்படிங்க புழு வரும்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. கறிவேம்பு என்று பெயர் வைத்திருக்கிறோம். இலையும் வேப்பிலை மாதிரியே வரிசை வரிசையாக இருக்கிறது. ஆனால் அந்தப் புழுவின் தாயான வண்ணத்துப்பூச்சி நம் பெயரைக் கேட்டுக்கொண்டு முட்டை வைப்பதில்லை. எலுமிச்சை, நாரத்தை, வில்வம், விளா, கறிவேப்பிலை என்று தேடித் தேடி வைக்கிறது. வேம்புக்குப் போவதில்லை. காரணம், கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துப் பிள்ளை. நம் கண்ணுக்கு இலையின் உருவம் தெரிகிறது. பூச்சிக்கு இலைக்குள்ளே இருக்கிற எண்ணெயின் மணம் தெரிகிறது.

எது எதற்குச் சொந்தம், எதை எதோடு சேர்த்து வைப்பது என்ற இந்தக் கேள்வியை மனிதன் மிகப் பழைய காலத்திலிருந்தே கேட்டுக்கொண்டு வருகிறான். பதிலும் பலமுறை மாறியிருக்கிறது. அது கல்லூரிப் பிள்ளைகள் பரீட்சைக்கு உருப்போடுகிற சமாசாரம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அதற்கு ஒரு திராட்சைத் தோட்டம் எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நம் பழைய நூலிலிருந்தே தொடங்கலாம். தொல்காப்பியத்தில் மரபியல் என்று ஒரு பகுதி உண்டு. உயிர்களையெல்லாம் அறிவின் கணக்கில் ஆறாகப் பிரிக்கிறது அது. புல்லும் மரமும் தொட்டால் உணர்கிற ஓரறிவு. நத்தை, சிப்பி போன்றவை சுவையும் சேர்ந்து இரண்டறிவு. கறையானும் எறும்பும் மோப்பம் சேர்ந்து மூன்று. நண்டுக்கும் தும்பிக்கும் நான்கு, விலங்குகளுக்கு ஐந்து, மனிதனுக்கு ஆறு. இது படிப்படியாக மேலே போகிற ஏணி மாதிரியான கணக்கு. கிரேக்க நாட்டில் கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டாட்டிலும் இப்படி ஓர் ஏணியைத்தான் போட்டார். அவர் ஐந்நூறுக்கு மேற்பட்ட விலங்கு வகைகளைப் பற்றி எழுதியவர். கடலில் நீந்தினாலும் டால்பின் மீன் இல்லை, அது மூச்சு விடுகிறது, குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது என்று அப்போதே கண்டுகொண்டவர். அவருடைய மாணவர் தியோபிராஸ்டஸ் செடிகளை மரம், புதர், குறும்புதர், பூண்டு என்று உயரமும் தண்டும் பார்த்துப் பிரித்தார்.

தொல்காப்பியத்தில் என்னை அசர வைப்பது அந்த ஏணி அல்ல, அதற்குப் பிறகு வருகிற இன்னொரு விஷயம். தண்டில் வைரம் எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறது. வெளியே வைரம் பாய்ந்து உள்ளே சோறாக இருந்தால் அது புல். உள்ளே வைரம் பாய்ந்திருந்தால் அது மரம். அவ்வளவுதான் விதி. இந்த விதிப்படி தென்னை, பனை, கமுகு, மூங்கில் எல்லாம் புல் பக்கம் போய்விடுகின்றன. வேம்பும் புளியும் தேக்கும் மரம் பக்கம். தென்னையை அறுத்த ஆசாரி யாரையாவது கேட்டுப் பாருங்கள். உளியை மழுங்க அடிப்பது வெளிச்சுற்றுதான், நடுவில் போனால் நார்ச்சோறு என்பார்.

உயரத்தைப் பார்க்காமல் தண்டின் உள்ளே பார்க்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியது பெரிய விஷயம். ஏனென்றால் இங்கிலாந்தில் ஜான் ரே என்ற பாதிரியார், 1600களின் கடைசியில், விதை முளைக்கும்போது ஒரு விதையிலை வருகிறதா இரண்டு வருகிறதா என்று பார்த்துச் செடிகளைப் பிரித்தார். நெல், சோளம், தென்னை, வாழை ஒரு பக்கம். அவரை, பருத்தி, வேம்பு மறு பக்கம். அந்தக் கோடும் தொல்காப்பியக் கோடும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் போகின்றன. இந்தக் கோடு இன்றைக்கும் உங்கள் வயலில் வேலை செய்கிறது. 2,4-டி என்கிற களைக்கொல்லியை நெல் வயலில் அடித்தால் அகன்ற இலைக் களைகள் சாகின்றன, நெல் பிழைக்கிறது. நெல்லுக்குச் சொந்தமான குதிரைவாலிக் களையும் கூடவே பிழைத்துக்கொள்கிறது! அதே மருந்து காற்றில் பக்கத்து வயல் பருத்திக்குப் போனால் என்ன ஆகும் என்பது பருத்திக்காரர்களுக்குத் தெரியும்.

மூங்கில் விஷயத்தில் சர்க்காரே இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டது. 1927ஆம் வருஷத்து இந்திய வனச் சட்டத்தில் மரம் என்ற சொல்லுக்குள் மூங்கிலையும் சேர்த்து எழுதிவிட்டார்கள். அதனால் சொந்தப் பட்டா நிலத்தில் வளர்த்த மூங்கிலை வெட்டி வண்டியில் ஏற்றவும் பல இடங்களில் அனுமதிச் சீட்டுக்கு அலைய வேண்டியிருந்தது. தாவர நூல்படி மூங்கில் புல் என்று பலர் பல காலம் எடுத்துச் சொன்ன பிறகு, 2017ல் அந்தச் சட்டத்தில் மரம் என்பதன் விளக்கத்திலிருந்து மூங்கிலை எடுத்தார்கள். காட்டுக்கு வெளியே விவசாயி வளர்க்கும் மூங்கிலுக்கு வழி பிறந்தது. கோவாவில் இதற்கு நேர்மாறாக நடந்தது. 2016ல் தென்னை மரமில்லை என்று சட்டத்தைத் திருத்தினார்கள். இனி ஆளாளுக்கு வெட்டித் தள்ளுவார்கள் என்று மக்கள் கொதித்ததும், 2017ல் மறுபடியும் அதை மரமாக்கினார்கள். நூல் ஒன்று சொல்லும், சட்டம் தன் தேவைக்கு வேறொன்று சொல்லும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் எந்தப் பெயரில் எழுதுகிறார்கள் என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டியது நாம்தான்.

சரி, கதைக்கு வருவோம். வெள்ளைக்காரர்கள் கப்பலேறி நம் பக்கம் வந்த பிறகு, அவர்களுக்குத் தெரியாத செடிகள் ஆயிரக்கணக்கில் கண்ணில் பட்டன. மலபாரில் டச்சுக்காரர்களின் ஆளுநராக இருந்த வான் ரீடு என்பவர், நம் ஊர் வைத்தியர்களை உட்கார வைத்து அவர்கள் சொன்னதையெல்லாம் எழுத வைத்தார். இட்டி அச்சுதன் என்கிற ஈழவ வைத்தியர் அதில் முக்கியமானவர். ஏறத்தாழ 740 செடிகள், படங்களோடு, பன்னிரண்டு பெரிய புத்தகங்களாக ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை அச்சானது. ஹோர்டஸ் மலபாரிகஸ் என்று பெயர். அந்த வைத்தியருக்குச் செடியின் பெயர் மருந்தோடும் இடத்தோடும் சேர்ந்தே தெரியும். ஆனால் மலையாளத்துப் பெயர் ஹாலந்தில் செல்லாது, ஹாலந்துப் பெயர் இங்கிலாந்தில் செல்லாது. லத்தீனில் எழுதினார்கள் என்றாலும், ஒரு செடியின் பெயரே ஒரு முழு வாக்கியம் நீளத்துக்கு இருந்தது. இன்ன தண்டு, இன்ன இலை, இன்ன பூ என்று அடையாளம் எல்லாவற்றையும் பெயரிலேயே அடைத்தால் வேறு எப்படி இருக்கும்?

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் லின்னேயஸ். ஸ்வீடன் நாட்டில் 1707ல் ஒரு பாதிரியாருக்கு மகனாகப் பிறந்தவர். அப்பாவுக்குத் தோட்டம் போடுவதில் பித்து. மகனுக்கு அதைவிடப் பெரிய பித்து. 1753ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் ஏறத்தாழ ஆறாயிரம் செடிகளுக்கு இரண்டே சொல்லில் பெயர் கொடுத்தார். முதல் சொல் வீட்டுப் பெயர் மாதிரி, இரண்டாவது சொல் பிள்ளையின் பெயர் மாதிரி. நெல்லுக்கு ஒரைசா சடைவா. கத்தரி, உருளைக்கிழங்கு, மணத்தக்காளி எல்லாம் சொலானம் என்ற வீட்டுப் பெயரோடு வருகின்றன. 1758ல் விலங்குகளுக்கும் இதே மாதிரி செய்தார். உலகம் முழுக்க இன்று வரை அந்த முறைதான். ஆடுதுறையில் ஒரைசா என்றாலும் ஜப்பானில் ஒரைசா என்றாலும் ஒன்றுதான்.

பெயர் வைத்ததில் அவருக்குக் கிடைத்த வெற்றி, வகுப்புப் பிரித்ததில் கிடைக்கவில்லை. பூவுக்குள்ளே மகரந்தத் தாள், அதாவது ஆண் உறுப்பு, எத்தனை என்று எண்ணச் சொன்னார். ஒன்று இருந்தால் முதல் வகுப்பு, இரண்டு இருந்தால் இரண்டாம் வகுப்பு என்று இருபத்து நாலு வகுப்பு. சின்னப் பையன்கூட எண்ணிவிடலாம். அதுதான் அதன் வசதி. ஆனால் விளைவைப் பாருங்கள். மல்லிகைக்கு இரண்டு தாள், மிளகுக்கும் இரண்டு தாள் என்று இரண்டும் ஒரே வகுப்பில் போய் உட்கார்ந்தன. நெல் பூக்கிற முற்பகலில் ஒரு கதிரைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பூவுக்கு ஆறு பைகள் தொங்கும். கோதுமைக்கு மூன்றுதான். ஆகவே நெல் ஆறாம் வகுப்பு, கோதுமை மூன்றாம் வகுப்பு, மக்காச்சோளம் இன்னொரு மூலையில். புல்லினத்துத் தானியங்களைப் பிரித்து ஆளுக்கொரு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கறிவேப்பிலைப் பூவுக்குப் பத்துத் தாள், வேப்பம்பூவுக்கும் பத்து. எலுமிச்சைக்கோ இருபதுக்கு மேல், கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். அந்தக் கணக்குப்படி கறிவேப்பிலை வேம்போடு சேர வேண்டியதுதான்! காரமடை அம்மா சொன்னதும் லின்னேயஸ் கணக்கும் ஒன்றாகிவிட்டது. இது செடியைத் தேடி எடுக்க உதவுகிற அலமாரிக் கணக்குதான், இயற்கையின் உறவுக் கணக்கு இல்லை என்று லின்னேயஸுக்கே தெரியும். அவரும் மறைக்கவில்லை.

இந்தக் கறிவேப்பிலைக்கும் தமிழ்நாட்டுக் கடற்கரைக்கும் ஒரு தொடர்பு உண்டு. லின்னேயஸின் மாணவர் கோனிக் என்ற வைத்தியர் 1768ல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். அப்போது அது டேனிஷ்காரர் ஊர். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மீதி நேரமெல்லாம் செடி பறித்து, காய வைத்து, தாளில் ஒட்டி, கப்பலில் குருநாதருக்கு அனுப்பினார். 1771ல் லின்னேயஸ் கறிவேப்பிலைக்கு மாணவர் பெயரையே சூட்டி பெர்கெரா கோனிகி என்று எழுதினார். ஐம்பது வருஷம் கழித்து இன்னொருவர் வீட்டுப் பெயரை மாற்றி முராயா கோனிகி என்றாக்கினார். நான் படித்த காலத்தில் அதுதான் பெயர். இப்போது மரபணுவைச் சோதித்துவிட்டு, இல்லை, முதல் பெயரே சரி என்று பெர்கெராவுக்கே திரும்பியிருக்கிறார்கள். வீடு எத்தனை முறை மாறினாலும் கோனிகி மட்டும் ஒட்டிக்கொண்டே வருகிறது. நம் ரசத்தில் தாளித்துப் போடுகிற இலையில் தரங்கம்பாடி வைத்தியர் ஒருவர் பெயர் இருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அவருக்குப் பின் 1776ல் அதே ஊருக்கு வந்த ராட்லர் பாதிரியாரும் செடி சேகரித்தவர்தான். தமிழ் ஆங்கில அகராதி தொகுத்தவரும் அவரே.

ஒரே ஓர் உறுப்பை எண்ணினால் போதாது, இலை, பூ, காய், விதை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் பிரான்சில் வலுத்தது. 1789ல் ஜூஸ்யூ என்பவர் அப்படிப் பார்த்துச் செடிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்தார். அந்த வழியில் பெந்தமும் ஹூக்கரும் 1862 முதல் 1883 வரை எழுதிய பெரிய நூல்தான் நம் கல்லூரிகளில் பல தலைமுறைக்குப் பாடமாக இருந்தது. சென்னை மாகாணத்துச் செடிகளைப் பற்றி கேம்பிள் தொடங்கிய நூலும் அதே வரிசையில் போவதுதான். அப்படிச் சேர்த்துப் பார்ப்பது எப்படி என்று நீங்களே சோதிக்கலாம். ஒரு கறிவேப்பிலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தினாற்போல் வெளிச்சப் புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ப் பைகள். எலுமிச்சை இலையைப் பிடித்தாலும் தெரியும், வில்வத்திலும் தெரியும். வேப்பிலையில் தெரியாது. அன்றைக்கு அந்த அம்மாவிடம் இதைத்தான் செய்து காட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு இரண்டு இலையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

1859ல் டார்வின் எழுதிய புத்தகம் வந்த பிறகுதான் குடும்பம் என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் கிடைத்தது. ஒரே மாதிரி இருக்கின்றன என்பதால் சேர்த்து வைக்கவில்லை; ஒரே முன்னோரிடமிருந்து வந்ததால் ஒரே மாதிரி இருக்கின்றன என்றார். அதுவரை அலமாரியாக இருந்தது, அதற்குப் பிறகு வம்சாவளி ஆகிவிட்டது. வம்சாவளி தெரிந்தால் விவசாயிக்கு லாபம் உண்டு. கத்தரியின் வாடல் நோய்க்குத் தப்பிக்கச் சுண்டைக்காய்ச் செடியை வேர்ப்பாகமாக வைத்துக் கத்தரியை ஒட்டுக் கட்டுகிறார்கள் அல்லவா? இரண்டும் ஒரே சொலானம் என்பதால்தான் தண்டும் தண்டும் கூடுகின்றன. கத்தரியைக் கொண்டுபோய் வெண்டையில் ஒட்டினால் கூடுமா? கத்தரி எடுத்த வயலில் உடனே தக்காளி வேண்டாம் என்று நாங்கள் சொல்வதும் அதே காரணத்தால்தான். தக்காளியை லின்னேயஸ் சொலானத்தில்தான் வைத்தார். பிறகு வந்தவர்கள் பிரித்துத் தனிக்குடித்தனம் வைத்தார்கள். இருநூறு வருஷத்துக்கு மேல் தனியாக இருந்துவிட்டு, 1990களில் மரபணு ஆராய்ச்சிக்குப் பிறகு தாய் வீட்டுக்கே வந்துவிட்டது.

இனி அந்தத் திராட்சைத் தோட்டம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு விவசாயி, ஐம்பது வயதுக்காரர். கொடியில் இலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது என்று வந்து சொன்னார். மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்த வாரம். நான் தோட்டத்துக்குப் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "சாம்பல் நோய்தான் அண்ணே, நனையும் கந்தகம் அடிங்க" என்றேன். அடித்தார். பத்து நாள் கழித்து வந்தார். "என்ன சார், மருந்து அடிச்சும் நிக்கலையே. பூவெல்லாம் கருகிப்போச்சு" என்றார். போய்ப் பார்த்தேன். இலைக்கு மேலே எண்ணெய் சிந்தினாற்போல் மஞ்சள் திட்டு, அதற்கு நேர் கீழே பஞ்சு போன்ற வெண்மை. அது சாம்பல் நோய் இல்லை, அடிச்சாம்பல் நோய். அந்தப் போகம் அவருக்குப் பாதிக்கு மேல் போய்விட்டது. என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பெயரைக் கேட்டால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன, சாம்பல், அடிச்சாம்பல். இரண்டையும் பூஞ்சாணம் என்றுதான் படித்தேன், எல்லாப் புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் கந்தகம் ஒன்றுக்குக் கேட்கும், மற்றதற்குக் கேட்காது. 1878ல் இந்த அடிச்சாம்பல் நோய் அமெரிக்காவிலிருந்து வந்து பிரான்சில் தலைகாட்டியபோது அந்த ஊர்க்காரர்களுக்கும் இதே கதிதான். சாம்பல் நோயை நிறுத்தின கந்தகத்தை வைத்துக்கொண்டு திண்டாடினார்கள். அப்போது போர்டோ நகரத்தில் மில்லார்டே என்ற பேராசிரியர் ஒரு தோட்டத்து ஓரமாகப் போனார். ரோட்டோரத்துக் கொடிகளில் மட்டும் இலை பச்சையாக இருந்தது. விசாரித்தால், வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமலிருக்க, விஷம் போல் தெரியட்டும் என்று மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துத் தெளித்திருக்கிறார்கள். அதைச் சோதித்துப் பார்த்து 1885ல் அவர் வெளியிட்டதுதான் நாம் இன்றைக்கும் கலக்குகிற போர்டோ கலவை. திருடனுக்கு வைத்தது நோய்க்கு மருந்தாயிற்று.

மருந்து கிடைத்ததே தவிர, ஏன் ஒன்றுக்குக் கேட்டது மற்றதற்குக் கேட்கவில்லை என்பதற்குப் பதில் கிடைக்க ரொம்ப நாளாயிற்று. லின்னேயஸ் காலத்தில் உயிர் என்றால் இரண்டே பெரிய பிரிவுதான், செடி அல்லது விலங்கு. காளானும் பூஞ்சாணமும் செடிக் கணக்கில் கிடந்தன. 1866ல் ஹெக்கல் என்ற ஜெர்மானியர் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களுக்கு மூன்றாவதாக ஒரு பிரிவு வைத்தார். 1969ல் அமெரிக்காவில் விட்டேக்கர் ஐந்து பிரிவாக்கினார். அதில் பூஞ்சாணங்களுக்குத் தனி ராஜ்யம். செடி வெயிலில் சமைத்துச் சாப்பிடுகிறது, விலங்கு விழுங்கிச் சாப்பிடுகிறது, பூஞ்சாணம் வெளியிலேயே கரைத்து உறிஞ்சுகிறது என்பது அவர் சொன்ன காரணம். அதற்கும் பிறகு மரபணுவை ஒப்பிட்டபோது, காளான் செடியைவிட விலங்குக்குத்தான் நெருங்கிய உறவு என்று தெரிந்தது. அதன் செல் சுவரில் இருப்பது நண்டு ஓட்டிலும் வண்டு ஓட்டிலும் இருக்கிற கைட்டின் என்ற பொருள்தான். காளான் சைவமா அசைவமா என்று யாராவது என்னைக் கேட்டுவிடாதீர்கள்.

ஆனால் திராட்சை அடிச்சாம்பல் கிருமியும், உருளைக்கிழங்கைக் கருக வைக்கிற பைட்டோப்தோராவும், தென்னையில் குருத்தழுகலை உண்டாக்குகிற அதன் தம்பியும் அந்த ராஜ்யத்தில் இல்லை. அவற்றின் செல் சுவர் பெரும்பாலும் செல்லுலோஸ் வகை. வாலுள்ள நீந்தும் வித்துகளை மழை நீரில் விடுகின்றன. மரபணுக் கணக்கில் அவை கடல்பாசி வகைகளுக்குச் சொந்தம். பூஞ்சாணம் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு இத்தனை காலம் பூஞ்சாணக் கும்பலோடு இருந்திருக்கின்றன. அதனால்தான் கார்பண்டாசிம் போன்ற மருந்து அசல் பூஞ்சாணத்தைக் கொல்லும், இவற்றை ஒன்றும் செய்யாது. மெட்டலாக்சில் இவற்றை அடிக்கும், அசல் பூஞ்சாணத்தை விட்டுவிடும். தாமிரம் இரண்டு பக்கமும் வெட்டுகிற கத்தி. அயர்லாந்தில் 1845ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அப்போது அது குளிராலா, ஈரத்தாலா, கிருமியாலா என்றே பெரியவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பெயரும் தெரியாது, குலமும் தெரியாது, மருந்தும் இல்லை.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களில் பலர் வீட்டில் சாண எரிவாயுக் கலம் இருக்கிறது. காற்றுப் போகாத அந்தக் கலத்துக்குள் சாணத்திலிருந்து மீத்தேன் வாயுவை உண்டாக்குகிற நுண்ணுயிர்களை எல்லோரும் பாக்டீரியா என்றே நினைத்திருந்தார்கள். மாட்டின் வயிற்றிலும் நெல் வயல் சேற்றிலும் இருப்பவையும் இவற்றின் இனம்தான். 1977ல் அமெரிக்காவில் கார்ல் வோஸ் என்பவர் இவற்றின் உள்ளே இருக்கிற ஆர்.என்.ஏ. என்ற பொருளை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டார். பாக்டீரியாவுக்கும் இவற்றுக்கும் இருக்கிற தூரம், பாக்டீரியாவுக்கும் நமக்கும் இருக்கிற தூரத்துக்குக் குறைந்ததில்லை என்று கண்டார். பல வருஷம் சக விஞ்ஞானிகளே நம்பவில்லை. 1990ல் உயிர்கள் எல்லாவற்றையும் மூன்று பெரும் கிளைகளாகப் பிரித்தார்: பாக்டீரியா, இந்த ஆர்க்கியா, மூன்றாவதில் செடி, பூஞ்சாணம், விலங்கு, மனிதன் எல்லோரும். செடியா விலங்கா என்று தொடங்கிய கணக்கு இப்படி முடிந்தது. அல்லது இப்போதைக்கு இங்கே வந்து நிற்கிறது. நெல் வயலில் தழைச்சத்து சேர்க்கிற நீலப்பச்சைப் பாசியும் பாசி இல்லை, பாக்டீரியா என்று ஆகிவிட்டது. வயலில் அது செய்கிற வேலை மட்டும் மாறவில்லை. நாங்களும் பழக்கத்தில் பாசி என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மறுபடியும் காரமடை. இலைப் புள்ளிகளைப் பார்த்து முடித்ததும் அந்த அம்மா கேட்டார், "அப்ப வேம்புக்கும் இதுக்கும் சொந்தமே இல்லீங்களா?"

அடியோடு இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஒரே குடும்பம் இல்லையே தவிர, எலுமிச்சைக் குடும்பமும் வேம்புக் குடும்பமும் பக்கத்துப் பக்கத்து வீடு. பழைய நூலிலும் அப்படித்தான், மரபணுவிலும் அப்படித்தான். "பங்காளி இல்லைங்கம்மா, தூரத்து ஒறமொறை" என்றேன். அவருக்கு அதில் ஒரு திருப்தி.

ஆனால் எனக்கு அந்தப் புழுவைவிட வேறொன்றைப் பற்றித்தான் கவலை. எலுமிச்சைத் தளிரில் சாறு உறிஞ்சுகிற சைலிட் என்ற கடுகளவுப் பூச்சி, எலுமிச்சை இனத்தையே அழிக்கிற பச்சை நோய்க் கிருமியைச் சுமந்து திரிவது. அது கறிவேப்பிலைத் தளிரிலும் முட்டை வைத்துப் பெருகும். எலுமிச்சைக்கு மட்டும் மருந்து அடித்துவிட்டு வேலியோரக் கறிவேப்பிலையை விட்டுவிட்டால், பூச்சி அங்கே போய் உட்கார்ந்து திரும்பி வரும். அதற்காகக் கறிவேப்பிலைக்கும் கண்ட விஷத்தை அடிக்கலாமா? அது நேரே சமையலறைக்குப் போகிற இலை.

"வெட்டிப் போட்றட்டுங்களா தம்பி?" என்றார்.

எலுமிச்சைக்கு ஒட்டினாற்போல் இருக்கிற வரிசையை மட்டும் எடுத்துவிட்டு, வேண்டுமானால் வீட்டுக்கு அந்தப்பக்கம், கிணற்றடியில் தனியாக நடலாம். புழுவைக் கையாலேயே பொறுக்கலாம். இரண்டிலும் தளிர் விடுகிற சமயத்தில் வாரம் ஒரு தரம் இலையைத் திருப்பிப் பாருங்கள் என்றேன். அடுத்த முறை நான் போனபோது வேலியோரம் காலியாக இருந்தது. கிணற்றடியில் பதினைந்து கன்றுகள், அவற்றுக்கு நடுவில் ஒரு வேப்பங்கன்று. அது ஏன் என்று நான் கேட்கவில்லை.